தனுஷ்கோடி: நடக்காமல் போன நள்ளிரவுப் பூசை

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு, தனுஷ்கோடி காலமானது. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள்தான் இருந்தது. திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறு முடிந்து, எந்தக் கிறிஸ்தவ ஊரிலும் குடிலுக்கு வைக்கோல் தேடி, பிள்ளைகளின் புதுத்துணிக்காகத் தையல்காரர் வாசலில் காத்துக் கிடக்கிற வாரம் அது.

அந்தமான் பக்கம் உருவாகி, இலங்கையைக் கடந்து வந்த புயல் நள்ளிரவு வாக்கில் கடலை ஊருக்குள் ஏற்றியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊரை நெருங்கிய நேரத்தில் அலையில் சிக்கியது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தேவாலயம், கோயில் என்று கடல் பேதம் பார்க்கவில்லை.

மீனவர்கள் வெகு காலமாகவே அங்கே இருந்தார்கள். ஆனால் ஊர் தலைநிமிர்ந்தது 1914இல், பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போனார்கள். ரயில்வேக்காரர், சுங்க அலுவலர், சுமை தூக்குவோர், கடலோடிகள் என்று ஐம்பது ஆண்டுகள் பலதரப்பட்டவர்களையும் ஒரே மணல்திட்டில் சேர்த்து வைத்திருந்த ஊர் அது. ஒரு பக்கம் அலை அடங்கிய பெண்கடல், மறுபக்கம் குமுறும் ஆண்கடல். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். இப்படியொரு இடத்தில் பண்டிகை கொண்டாடியவர்களுக்குத் தனியாக அலங்காரம் எதற்கு?

தேவாலயத்தின் மிச்சச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் அவை செங்கல் அல்ல, பவளப்பாறை என்பது தெரியும். கல்லுக்குக் கல் தேனடை போலச் சிறு கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. இடையிலிருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கூரை கிடையாது. கடல் கொடுத்த கல்லால் கட்டிய ஆலயத்தைக் கடலே எடுத்துக்கொண்டது. இதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அள்ளிக் கொடுப்பதும் கடல், அடித்துக்கொண்டு போவதும் கடல். அதைத் தாய் என்றே அழைத்து, மறுநாள் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் விசுவாசத்துக்கு முன்னால் பிரசங்கம் எடுபடாது.

புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சரிசெய்தது. ஊருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளத்தை மணல் மூடியது. கப்பல் துறை ராமேஸ்வரத்துக்குப் போனது. கடலும் மணலும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒரே திருப்பலிக்குக் கூடிய குடும்பங்கள்தான் திசைக்கொன்றாகப் போயின. செத்தது அந்தக் கூட்டம். அதே சுவரை மறுபடி எழுப்பவும் வழியில்லை. பவளப்பாறை இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை வெட்டி எடுப்பது குற்றம். அதுவும் நல்லதற்குத்தான். ஓர் ஆலயத்துக்காக இன்னொரு கடலடி ஊரை அழிக்க வேண்டாம்.

2017இல், நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. டிசம்பர் விடுமுறையில் வேன் வேனாகக் குடும்பங்கள் வந்து, பாழடைந்த பீடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. வழிகாட்டிகள் ‘பேய் நகரம்’ என்கிறார்கள்.

மறைந்தவருக்குப் பின் இருப்போர் யார் என்று சொல்லித்தானே இரங்கல் குறிப்பை முடிப்பார்கள்? தனுஷ்கோடிக்குப் பின் இருப்போர், வாழத் தகுதியற்ற இடம் என்ற அரசு அறிவிப்புக்குப் பிறகும் கரையை விடாத மீனவக் குடும்பங்கள். ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு கரைவலை இழுக்கிறார்கள். மணலில் சில அடி தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். இரண்டு உப்புக் கடலுக்கு நடுவே அந்த ஊற்று இன்னும் இனிக்கிறது. அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் பூ கொண்டுபோக வேண்டாம். அந்த இடத்தைப் பேய் நகரம் என்று சொல்லாமல் இருந்தால் போதும். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.