மார்ட்டின் பிராக்ஸன்தாலர்: அமர்நிலைப் பனிச்சறுக்கு வீரரும் பயிற்சியாளரும்

மார்ட்டின் பிராக்ஸன்தாலர் (பிறப்பு: 1972) ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தைச் சேர்ந்த அமர்நிலைப் பனிச்சறுக்கு வீரர். 2002, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் நடந்த குளிர்கால பாராலிம்பிக் போட்டிகளில் மொத்தம் 10 தங்கப் பதக்கங்களை வென்றார். ஓய்வு பெற்ற பின் இளம் மாற்றுத்திறனாளிகளைக் கண்டறிந்து பயிற்றுவிக்கும் பணிக்கு வந்தார். கற்றுத்தர முன்னோடிகளே இல்லாமல் தொடங்கிய அமர்நிலைச் சறுக்கு, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு வளர்ந்த வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு.

விளையாட்டின் பின்னணி

முதல் குளிர்கால பாராலிம்பிக் போட்டி 1976 இல் ஸ்வீடனில் நடந்தது. கை கால் இழந்தவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களுமே அதில் பங்கேற்றனர். சக்கர நாற்காலியில் வாழ்பவர்களுக்குப் பனிமலை எட்டாத இடமாகவே இருந்தது. 1988 இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் நடந்த போட்டியில்தான் அமர்நிலைச் சறுக்கு சேர்க்கப்பட்டது.

மலைச்சரிவில் இறங்குவதற்கு 'மோனோஸ்கி' என்னும் கருவி பயன்படுகிறது. உடலோடு பொருந்தும் இருக்கை, அதன் கீழே அதிர்வுதாங்கி, அதற்கும் கீழே ஒரே ஒரு சறுக்குப்பலகை என்பது இதன் அமைப்பு. வீரரின் இரு கைகளிலும் நுனியில் சிறு சறுக்குப்பலகை பொருத்திய ஊன்றுகோல்கள் இருக்கும். சமநிலை காக்கவும் திரும்பவும் இவை உதவுகின்றன. கால்கள் செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் தோள்களும் கைகளும் செய்கின்றன. இருக்கை சிறிது தளர்ந்தாலும் உடலின் அசைவு பலகைக்குச் சரியாகச் சென்று சேராது.

விபத்தும் வெற்றிகளும்

1994 இல் பணியிடத்தில் நேர்ந்த விபத்தில் பிராக்ஸன்தாலரின் முதுகுத்தண்டுவடம் காயமடைந்தது, கால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 22. அமர்நிலைச் சறுக்கு பாராலிம்பிக்கிற்கு வந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நான்கே ஆண்டுகளில், 1998 இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த பாராலிம்பிக்கில் அவர் களமிறங்கினார்.

2002 இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தம் பிரிவில் 4 தங்கம் வென்றார். அக்காலத்தில் அமர்நிலை வீரர்கள் உடல் இயக்கத்தின் அளவைப் பொறுத்துப் பல பிரிவுகளாகப் போட்டியிட்டனர். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பதக்கம் இருந்தது. 2006 இல் இத்தாலியின் டுரின் போட்டியில் இம்முறை மாறியது. அமர்நிலை வீரர்கள் அனைவரும் ஒரே பதக்கத்துக்குப் போட்டியிட்டனர். குறைபாட்டின் அளவுக்கேற்ற ஓர் எண்ணால் ஒவ்வொருவரின் நேரமும் பெருக்கப்பட்டு, அதன்படி வெற்றி தீர்மானிக்கப்பட்டது. பதக்கங்களின் எண்ணிக்கை குறைந்து போட்டி கடுமையான இந்தக் காலத்திலும் அவர் டுரினில் 3, வான்கூவரில் (2010) 3 எனத் தங்கம் வென்றார். 2007 இல் சிறந்த மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரருக்கான லாரியஸ் உலக விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பயிற்சியாளராக

வான்கூவர் போட்டியுடன் அவரது பாராலிம்பிக் பயணம் முடிந்தது. அதன் பின் ஜெர்மனியின் மாற்றுத்திறனாளர் விளையாட்டு அமைப்பில் இளையோர் பயிற்சியில் ஈடுபட்டார்.

நின்று சறுக்கும் பயிற்சியாளர் பாதையையும் வேகத்தையும் கற்றுத்தர முடியும். ஆனால் உணர்வற்ற கால்களோடு இருக்கையில் எப்படி அமர்வது, விழுந்தபின் ஊன்றுகோலை எங்கே ஊன்றி எழுவது, அதிர்வுதாங்கியை எவ்வளவு இறுக்குவது என்பவற்றைத் தம் உடலால் அறிந்தவர் சொல்லும்போது அதன் மதிப்பே வேறு. விபத்துக்குப்பின் முதன்முறை மலைக்கு வரும் ஓர் இளைஞருக்கு, தன்னைப் போலவே அமர்ந்து சரிவில் இறங்கும் ஒருவரைப் பார்ப்பதே முதல் பாடம்.

இத்தகைய நுணுக்கங்கள் பதக்கத்தையே தீர்மானிக்கக்கூடும். பிராக்ஸன்தாலர் கடைசியாகப் பங்கேற்ற வான்கூவர் போட்டியில், ஜெர்மன் அணியின் 17 வயது அன்னா ஷாஃபல்ஹூபர் தம் முதல் பாராலிம்பிக் பதக்கமாக வெண்கலம் வென்றார். அவர் 2014 இல் ரஷ்யாவின் சோச்சியில் ஐந்து போட்டிகளிலும் தங்கம் பெற்றார். அவற்றுள் ஸ்லாலம் போட்டியில், புறப்படும்போது ஊன்றுகோல்களை வைத்திருந்த விதம் விதிக்கு மாறானது என்று நடுவர்கள் முதலில் அவரைத் தகுதிநீக்கம் செய்தனர். முறையீட்டுக்குப் பிறகே அந்தத் தங்கம் உறுதியானது.

முக்கியத்துவம்

1988 இல் பாராலிம்பிக்கிற்கு வந்த அமர்நிலைச் சறுக்கின் முதல் தலைமுறையினர் விழுந்து எழுந்து தாமே கற்றுக்கொண்டனர். பிராக்ஸன்தாலர் போன்ற வீரர்கள் பயிற்சியாளர்களான பின், அந்த அனுபவம் அடுத்து வருபவர்களுக்குப் பாடமாகக் கிடைக்கிறது. அவர் வென்ற 10 தங்கங்களைப் போலவே இதுவும் அவரது பங்களிப்பாகும்.