இறால் பாக்கெட்டும் 1996 தீர்ப்பும்



பாரிஸில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு இறால் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மேலே 'ஆர்கானிக்' முத்திரை. "இது நம்ம பக்கத்து இறாலா சார்?" என்று கேட்டாள். பின்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஈக்வடார் என்று போட்டிருந்ததாம். அவள் கேள்வி அதோடு முடிந்தது. எனக்குத்தான் முப்பது வருடக் கதை கிளம்பிவிட்டது.

1990-களில் காரைக்காலிலிருந்து சீர்காழி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு நினைவிருக்கும். நெல் விளைந்த இடத்தில் கரை கட்டிய குளங்கள், அவற்றில் சுழலும் சக்கரங்கள். குளத்தில் ஏற்றிய கடல்நீர் பக்கத்து வயலுக்குக் கசிந்தது. கழிவுநீர் வடிகாலுக்குப் போனது. நமக்குத்தான் புதுச்சேரி, தமிழ்நாடு என்று எல்லை. உப்புக்கு ஏது எல்லை? கிணறுகள் கரித்தன. நடவும் அறுப்பும் நின்றதால் பெண்களுக்குக் கூலி வேலை போயிற்று. குளத்துக்கு நாலு காவல்காரர் போதுமே. மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் வழிகூடச் சில இடங்களில் அடைபட்டது.

அப்போது என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி தாமதமாக வருவான். இரண்டு முறை முட்டி போடச் சொன்னேன். ஊர்க் கிணறு கரித்துப்போனதால் அம்மாவோடு தூரத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981-இல் லாஃப்டியைத் தொடங்கியவர்கள். இறால் குளங்களை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடத்தியதோடு, எண்பதை ஒட்டிய வயதில் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றமும் போனார். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். வயலையும் உப்பளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குளமாக மாற்றக்கூடாது. வருமானத்தைவிடச் சேதமே அதிகம் என்ற நீரி ஆய்வறிக்கையை நீதிமன்றம் ஏற்றது. பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், அறுப்புக்குப் பின் இறால், அந்த மாதிரி.

பிறகு மறுசீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நின்றது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, கடலோர ஒழுங்குமுறைத் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது என்றது. அதுவும் 1991 பிப்ரவரியிலிருந்தே பொருந்தாதாம்! வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆர்கானிக் முத்திரையை நான் குறை சொல்ல வரவில்லை. தீவனம், மருந்து, குளத்தில் எத்தனை இறால் விடலாம் என்பதற்கெல்லாம் அதில் விதி உண்டு. அலையாத்திக் காட்டை அழிக்காதே என்றும் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்தக் குளம் முன்பு யாருக்கு நடவு வேலை கொடுத்த வயல் என்பது பாக்கெட்டில் எங்கே இருக்கிறது? ஜெகந்நாதன் வழக்கில் கேட்டது அதைத்தான். மாணவிக்கும் இதையே எழுதி அனுப்பினேன்.

திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், தரங்கம்பாடி பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுக் கிணறு எந்த வருடம் கரிக்க ஆரம்பித்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். தாமதமாக வந்த அந்தப் பையனும் படித்தால் எழுதட்டும்.