பொதியின் முடியும் நாமும்

தமிழ் பிறந்தது பொதிய மலையில் என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. அம்மலையின் முடி, நாம் பிழைப்பு நாடி வந்த இத்திருவனந்தபுர மாவட்டத்திலேயே ஓங்கி நிற்கின்றது. அகத்தியர்கூடம் என இந்நாட்டார் வழங்கும் அச்சிகரம் ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரமுடையது. இம்மலைத்தொகுதியின் கீழ்ச்சாரலிற் பிறக்கும் தாமிரபரணி நெல்லைச் சீமையைப் புரக்கின்றது. மேற்புறத்தே பிறக்கும் நெய்யாறு இந்நாட்டைப் புரக்கின்றது.

சங்க காலத்தில் பொதியிற்கு உரியராய் விளங்கியோர் ஆய் வேளிர். ஆய் அண்டிரனது கொடையைப் புறநானூறு பாடுகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி என்னும் நிலநூலார் குறித்த 'பெட்டிகோ' மலை பொதியே என்பர் அறிஞர்.

பக்தி ஏறிய மலையில் பின்னர் விஞ்ஞானமும் ஏறிற்று. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் இந்நகரில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1852இல் அதன் தலைமை ஏற்ற ஜான் ஆலன் பிரௌன், பூமியின் காந்த விசையையும் வானிலையையும் உயரத்தில் அளந்தறிய விரும்பி, 1855இல் அகத்தியர் மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். திருவனந்தபுரத்திற்கு ரயில் வந்ததே 1918இல்தான். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், அடர்ந்த கானகத்தூடே அக்கருவிகள் மலையேறின என்றால், அவ்வுழைப்பை என்னென்பது! பிரௌன் பெயரை வரலாறு அறியும். அவருக்காகச் சுமந்தோர் பெயரை யார் கேட்கிறோம்?

இக்கேள்வி பழங்கதை அன்று. 1987இல் இம்மலைக்காட்டில் ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பகற்றும் 'ஆரோக்கியப்பச்சை' என்னும் செடியைக் காட்டினர். அதனின்று பாலோட்டுத் தாவரவியல் நிறுவனத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். 1995இல் அம்மருந்து செய்யும் உரிமை ஒரு நிறுவனத்திற்கு வழங்கப்பட்டபோது, வருவாயிற் பாதி காணியர்க்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெற 1997இல் அவர்தம் அறக்கட்டளை எழுந்தது. அறிந்தவர்க்கும் பங்குண்டு என்னும் நீதி இம்மலையடியில் உலகறியச் செயலாயிற்று.

பெண்டிர்க்கு முடியேறும் வழியோ நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்க, 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினர். போனக்காட்டிற் புறப்பட்டு, அதிருமலையில் இரவு தங்கி ஏறும் கடும்பாதை அது. வனத்துறையின் அனுமதி வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, இம்மலைத்தொகுதி இரு மாநிலங்களுக்கும் எல்லையாயிற்று. 'எங்கள் மலை' என்று நாம் பெருமை பேசுவது இயல்பே. ஆயின், அங்கு வாழும் காணியரையும் அம்மலைதரும் நீரையும் நினையாத பெருமை வெறும் சொல்லாய் ஒழியும். நம் மக்கட்குப் பொதியின் கதை சொல்லும்போது, அகத்தியர் பெயரோடு காணியர் பெயரையும் சேர்த்துச் சொல்வோமாக.