பாடலாம், பேசக்கூடாது

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் உள்ள ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகளில் பலருடைய பைகளில் கொரியப் பாடகர்களின் படம் தொங்குகிறது. இந்தப் பகுதிக்குக் கொரியா புதிதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அப்பாக்களுக்குக் கொரியா முதலாளியாக வந்தது, மகள்களுக்குப் பாட்டாக வந்திருக்கிறது.

2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். அவரைப் பதவி நீக்கக் கோரி சியோலில் கூட்டம் கூட்டமாக இளம்பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கச்சேரிகளில் ரசிகர்கள் ஆட்டும் வண்ண விளக்குக் கோல்கள் அவர்கள் கையில் இருந்தன. ஐயூ என்ற பாடகி, போராட்டத்துக்கு வரும் தன் ரசிகர்கள் பசியாற, பக்கத்துக் கடைகளில் ரொட்டிக்கும் பானத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவைத்தார். இதை வகுப்பில் எனக்குச் சொன்னவர்கள் மாணவிகள்தான். சொல்லிவிட்டு ஒருத்தி கேட்டாள்: "நம்ம ஊர்ல நடிகைங்க யாராவது இப்படிப் பேசியிருக்காங்களா மேம்?"

பேசியிருக்கிறார்கள். பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் முழுமையாகும்.

அதற்கு முன் கொரியாவைப் பற்றி ஒன்று. அங்கேயும் எல்லாருக்கும் ஒரே நியாயம் கிடையாது. பிடிஎஸ் குழுவின் ஏழு ஆண்கள் 2018-இல் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனார்கள், குழுவின் சார்பில் ஒருவர் பேசினார். 2020-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள். உலகம் கைதட்டியது. அதே 2018-இல், ரெட் வெல்வெட் குழுவின் ஐரீன், தான் சமீபத்தில் படித்த புத்தகங்களில் ஒன்று ‘கிம் ஜி-யங், பிறப்பு 1982’ என்று சொன்னார். ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. அவ்வளவுதான், ஆண் ரசிகர்கள் அவர் படங்களை வெட்டியும் எரித்தும் இணையத்தில் போட்டார்கள். சுல்லி என்ற பாடகியும் நடிகையும் உள்ளாடை அணிவது தன் விருப்பம் என்றார். 2019 ஏப்ரலில் கருக்கலைப்புத் தடை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பு வந்தபோது அதைக் கொண்டாடினார். ஆண்டுக்கணக்கில் வசை வாங்கினார். அந்த அக்டோபரில் இறந்தபோது அவருக்கு 25 வயது. ரொட்டி வாங்கிக்கொடுத்தால் தாங்கிக்கொள்ளும் சமூகம், பெண் தன் உடலைப் பற்றிப் பேசினால் தாங்கவில்லை. இந்தக் கோடு நம் ஊரிலும் அதே இடத்தில்தான் போகிறது. இங்கே அது இன்னும் பழையது.

1910-இல் சென்னையில் வாழ்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாளிலிருந்து தொடங்கலாம். தேவதாசி மரபில் வந்த பாடகி. ஊரே பேசிய குரல். தஞ்சை மராத்தியர் அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’ அவர் கைக்கு வந்தது. ராதையின் காமத்தைக் கூச்சமில்லாமல் பேசும் காவியம். அச்சில் வந்திருந்த பதிப்பில் பகுதிகள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்த நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடி எடுத்து முழுமையாகப் பதிப்பித்தார். சமூகச் சீர்திருத்தத்தில் பெயர்பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம் அந்தக் கவிஞரை வெட்கம் கெட்டவர் என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும் உரியதா, இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதியதை ஏன் யாரும் கேட்கவில்லை என்ற பொருளில் நாகரத்தினம்மாள் பதில் கேட்டார். பிரிட்டிஷ் அரசு புத்தகத்தை ஆபாசம் என்று தடைசெய்தது. தடை நீங்க 1947 வரை ஆனது. அந்த அம்மாளின் பாட்டுக்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னாளில் அவர் திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைச் செலவழித்துச் சமாதி எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாட இடம் தரவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். டாக்டர் முத்துலட்சுமி தேவதாசி ஒழிப்புக்கு முயன்றபோது, அதை எதிர்த்த தேவதாசிகளின் பக்கம் நின்றார். முத்துலட்சுமியின் தாயாரும் அதே சமூகத்தில் பிறந்தவர்தான். அந்தச் சமூகத்திலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காக மேடை மேடையாகப் பேசி, 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். இந்த மூவரில் யார் சரி என்று பெண்ணியர்கள் இன்னும் வாதாடுகிறோம். என் மனம் இராமாமிர்தம் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஒழிப்பை எதிர்த்த பெண்கள் தங்கள் சொத்துரிமையைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் கேட்ட கேள்விகளை வரலாறு காதில் வாங்காமல் போனது என்பதும் உண்மை.

முத்துலட்சுமியின் முயற்சியைச் சட்டசபையில் எதிர்த்தவர்களில் ஒருவர் எஸ். சத்தியமூர்த்தி. நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறியதே, அந்த மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் ஆவடியில் இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. என் மாணவிகள் சிலர் அதைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறார்கள்.

அவர் அழைத்து வந்தவர்களில் முதன்மையானவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார், ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் கேட்டவர் வாயைப் பிளந்த தொகை. காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாடினால் ஜனம் திரண்டது. 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். 1953-இல் ‘ஔவையார்’ வந்த பிறகு தமிழ்நாட்டுக்கு ஔவை என்றாலே அவர் முகம்தான்.

அவரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நாடகக்காரி என்று இளக்காரமாகப் பார்த்த ஊரில், தன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு சட்டமன்றம் வரை போனவர். ஆனால் எந்த உருவத்தில் அவரை அனுமதித்தோம் என்று பார்க்க வேண்டாமா? விதவை, ஆண் வேடம், கிழவி. பேசியது கட்சியின் பேச்சு, அதுவும் பாட்டாக. அதே 1936-இல், தமிழின் முதல் பேசும்பட நாயகி டி.பி. ராஜலட்சுமி தன் நாவலை வைத்து ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தானே இயக்கினார். அவர் பெயரைச் சொன்னால் என் வகுப்பில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

ஆண் கலைஞர்களின் கதை வேறு. அவர்களுக்கும் தடைகள் வந்தன, எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்காகவே 1954-இல் புது நாடகச் சட்டம் வந்தது என்பார்கள். ஆனால் மேடையில் பேசிய ஆண்கள் முடிவில் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்து உதாரணமே இருக்கிறது. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் இராமாவரம் தோட்டம். 1967 ஜனவரி 12 அன்று அந்த வீட்டில்தான் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப்போட்ட அவர் படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். காயம்பட்ட ஆண் உடலுக்கு ஓட்டு விழுந்தது. ஜெயலலிதாவோ, 1987 டிசம்பரில் அதே எம்.ஜி.ஆரின் இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியிலிருந்து தள்ளி இறக்கப்பட்டார். பிறகு முதலமைச்சரானார், உண்மைதான். ‘அம்மா’ ஆன பிறகு. ஔவை, அம்மா என்று நம் சமூகம் திறந்துவிடும் வாசல்கள் இரண்டும் உடலை வெளியே கழற்றி வைத்துவிட்டு நுழைய வேண்டியவை.

கழற்ற மறுத்தால் என்ன ஆகும் என்பதை 2005-இல் பார்த்தோம். ‘இந்தியா டுடே’ இதழ் பாலுறவு பற்றிய ஒரு கணக்கெடுப்போடு பிரபலங்களின் கருத்தையும் வெளியிட்டது. கல்யாணத்தின்போது பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண் எதிர்பார்க்கக்கூடாது, திருமணத்துக்கு முன் உறவு கொண்டால் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் பெண் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார் நடிகை குஷ்பு. இரண்டாவது பகுதி ஏறக்குறைய சுகாதார அறிவுரை. அதற்குள் அது தமிழ்ப் பெண்களின் கற்பைப் பழித்த பேச்சாகிவிட்டது. பாமக, விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினர் தெருவுக்கு வந்தார்கள். துடைப்பத்தையும் செருப்பையும் பெண்கள் கையில் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். திருச்சியில் கோயில் கட்டி, இட்லிக்கு அவர் பெயரை வைத்த அதே தமிழ்நாடு. மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவர் மீது தக்காளியும் முட்டையும் வீசினார்கள். ஆதரவாகப் பேசிய சுஹாசினி மீதும் பாய்ந்தார்கள்.

அப்போது என் அத்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த பெண்களில் யாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே நாள் தள்ளிப்போனது, யார் எந்த மாத்திரையை வாங்கிப் போட்டு ரத்தம் கொட்டிச் சாகக் கிடந்தாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ சொன்னது நெசந்தான்டி. ஆனா அதை ஒரு சினிமாக்காரி வெளிய சொல்லலாமா?" எந்தத் தலைவரின் பேச்சையும்விட இந்த வாக்கியம்தான் எனக்குப் பல வருடம் வேலை வைத்தது. உண்மைக்கு எதிராக அத்தைக்குப் புகார் எதுவும் இல்லை. சொன்ன வாய் மட்டும்தான் தப்பு.

குஷ்பு மீது 23 வழக்குகள். 2008-இல் உயர் நீதிமன்றம் அவற்றை ரத்துசெய்ய மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் எல்லா வழக்குகளையும் ரத்துசெய்தார்கள். புகார் கொடுத்தவர்களில் யாரும் இந்தப் பேச்சால் நேரடியாகப் பாதிக்கப்படவில்லை, பெரும்பாலோர் ஒரே அரசியல் கட்சியோடு தொடர்புடையவர்கள், ஒழுக்கம் பற்றிய சமூகத்தின் கருத்தும் குற்றவியல் சட்டமும் ஒன்றாகாது என்றது தீர்ப்பு. இன்று கருத்துச் சுதந்திர வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. குஷ்புவின் பிற்கால அரசியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அதற்காக அந்த நாலரை வருடம் அவர் பின்வாங்காமல் வழக்கு நடத்தியதை வரலாற்றிலிருந்து எடுத்துவிட முடியாது. சட்டம் படிக்கும் பெண்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். வழக்கின் தலைப்பில் குஷ்புவுக்கு எதிரே இருப்பதும் ஒரு பெண்ணின் பெயர்தான்.

2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் புகார் சொன்னார். வைரமுத்து மறுத்தார். அந்த மாதம்தான் ‘96’ வெளிவந்து, த்ரிஷாவுக்கு அவர் கொடுத்த பின்னணிக் குரலை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். 2023-இல் ‘லியோ’ படத்தில்தான் தமிழில் மறுபடி த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தார்.

பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி பிலிம் சிட்டி இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் ராட்சதக் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்த இடம். சினிமாவும் ஆபத்து உள்ள ஒரு தொழிற்சாலை என்பது இந்தப் பகுதி ஜனங்களுக்கு அன்று புரிந்தது. அங்கே கூட்டத்தில் நிற்கவும், ஆடவும், ஒப்பனை அறையில் கைவேலை செய்யவும் பெண்கள் போகிறார்கள். நட்சத்திரப் பெண் ஒருவர் பேசுவது இவர்களுக்காகவும்தான். கேரளத்தில் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு சினிமாப் பெண்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், அரசு நீதிபதி ஹேமா குழுவை அமைத்தது. 2019 இறுதியில் கொடுக்கப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் சுரண்டலோடு, படப்பிடிப்புத் தளத்தில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாததையும் அது எழுதியது.

அதையொட்டிச் செப்டம்பரில் நம் நடிகர் சங்கமும் கூடியது. குற்றம் உறுதியானால் ஐந்தாண்டுத் தடை, புகார் சொல்லத் தனித் தொலைபேசி, சட்ட உதவி என்று தீர்மானித்தார்கள். நல்லதுதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: பாதிக்கப்பட்டவர்கள் ஊடகங்களிடம் பேசாமல் நேராகச் சங்கத்தின் குழுவிடம் வர வேண்டும்.

2025 மே மாதம் ‘தக் லைஃப்’ படத்தின் இசை வெளியீட்டு மேடையில் சின்மயி ‘முத்த மழை’ பாடினார். தமிழ்ப் பதிவில் அதைப் பாடியவர் தீ; அன்று அவரால் வர முடியாததால் இவர் பாடினார். அந்தக் காணொளி சில நாட்களில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. இவ்வளவு நல்ல குரலையா ஒதுக்கி வைத்தோம் என்று உருகினார்கள், தடையை நீக்கச் சொல்லி எழுதினார்கள். ஏழு வருடம் முன்பு அதே குரல் என்ன சொன்னது என்று அவர்களில் மிகச் சிலரே எழுதினார்கள்.