அவள் இடத்தில் நாம்

1789-ஆம் ஆண்டு இலண்டனில் அச்சான படமொன்று பலரின் மனச்சான்றை உலுக்கிற்று. 'புரூக்ஸ்' என்னும் அடிமைக் கப்பலில் 482 மனிதர் நெருக்கிக் கிடத்தப்பட்ட வரைபடம் அது. முகமில்லை, வரிசை மட்டுமே. அவ்வணிகத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் தடைசெய்ததோ 1807-இல்தான்.

கொல்கத்தாப் புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால், கடத்தப்படும் சிறுமியரை 2014-இல் தில்லியில் கருநிற நிழலுருவங்களாய் நிறுத்தினார். வானத்தில் வெட்டிய துளைகளைப் போல. அங்கும் முகமில்லை. 2016-இல் அவர் வெளிக்கொணர்ந்த 'மிஸ்ஸிங்' என்னும் கைப்பேசி விளையாட்டோ நம்மைப் பார்வையாளராய் இருக்க விடுவதில்லை. விற்கப்பட்ட சிறுமியே நாம். என்ன பேசுவது, எப்படித் தப்புவது என நாமே தெரிவுசெய்ய வேண்டும்.

துன்பத்தை விளையாட்டாக்குவதா என்று எனக்கும் முதலில் கூசிற்று. ஆயினும், படத்தை மடித்து வைத்துவிடலாம். இங்கோ, அடுத்த அடியை நாம் எடுத்துவைக்கும்வரை அவள் அங்கேயே நிற்கிறாள்.