பட்டியல் (பைத்தான்)

பட்டியல் என்பது பல மதிப்புகளை வரிசை குலையாமல் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளும் தரவு வகை. கணினி வகுப்புகளில் இதை லிஸ்ட் என்றே சொல்வார்கள். ஜான் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழிக்குப் பெயர் வந்ததே இதனால்தான். ஜாவா மொழியில் அர்ரேலிஸ்ட் என்ற பட்டியல் வகை 1998இல், 1.2ஆம் பதிப்பில் வந்தது. மதிப்புகளை நேரே கொடுத்து, மாற்ற முடியாத பட்டியல் செய்யும் எளிய வழி 2017இல், 9ஆம் பதிப்பில் சேர்ந்தது.

கீடோ வான் ராசம் 1991 பிப்ரவரியில் வெளியிட்ட பைத்தானில் சதுர அடைப்புக்குறியே போதும். [] என்று எழுதினால் காலிப் பட்டியல். கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதையை இப்படி எழுதலாம்:

நிலையங்கள் = ["எட்டிமடை", "வாளையார்", "கஞ்சிக்கோடு"]

எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் நிலையங்கள்[1] என்றால் வாளையார். இந்த வரி அப்படியே ஓடும். ஆனால் 2008 டிசம்பரில் பைத்தான் 3 வரும்வரை ஓடியிருக்காது. பழைய பதிப்பில் மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. பட்டியலை அச்சிட்டாலும் ஊர்ப்பெயருக்குப் பதிலாகச் சாய்கோடும் எண்ணும் கலந்த குறியீடுகள்தான் திரையில் வரும். தமிழில் நிரல் எழுத வந்தவர்களுக்கு மூன்றாம் பதிப்பு பெரிய விடுதலை.

பைத்தானில் பட்டியலும் ஒரு பொருள். ஆகவே, அ = [] என்றும் ஆ = அ என்றும் எழுதினால் பட்டியல் இரண்டாகிவிடாது; ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஆ-வில் சேர்த்தது அ-விலும் தெரியும். புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

தமிழுக்கே உரிய சிக்கல் வேறொன்று உண்டு. "வாளையார்" என்ற சொல்லை லிஸ்ட் கட்டளையிடம் கொடுத்துப் பட்டியலாக்கினால் எட்டு உருப்படிகள் கிடைக்கும். வகரம் தனி, அதன் துணைக்கால் தனி. கடைசியில் ரகரம் தனி, அதன் புள்ளி தனி. யூனிகோடு உயிர்மெய்யை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. நாம் எழுத்துக்கூட்டினால் வா, ளை, யா, ர் என்று நான்குதான். பட்டியலைத் தலைகீழாக்கினால் சொல் புள்ளியில் தொடங்கிச் சிதைந்து நிற்கும். பைத்தானை அடித்தளமாகக் கொண்டு தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கி, அதைப் பற்றி 2009இல் ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்ட முத்து அண்ணாமலையும் அவருடைய தோழர்களும் இதற்குத் தீர்வு தந்தார்கள். அவர்களுடைய 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு சொல்லை எழுத்து எழுத்தாகவே பிரித்துப் பட்டியலாகக் கொடுக்கும்.

கேரளத்தில், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பைத்தானும் இடம்பெற்றிருக்கிறது. அங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள், பட்டியல் பாடத்தின் முதல் நாளிலேயே ஊர்ப்பெயரை எழுத்துகளாகப் பிரிக்கும் இந்தப் பயிற்சியைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும்.