முன்பணக் கொத்தடிமையும் ஆள் கடத்தலும்

கடன் என்றோ முன்பணம் என்றோ ஒரு தொகையைக் கொடுத்து, அது தீரும் வரையில் வாங்கியவனும் அவன் குடும்பத்தாரும் வேறிடம் செல்லவோ வேறு வேலை தேடவோ வழியின்றி நிறுத்திவைத்து, அற்பக் கூலிக்கோ கூலியே இன்றியோ வேலை வாங்கும் ஏற்பாடு கொத்தடிமை முறை எனப்படும். ஆள் கடத்தல் என்ற குற்றம் இந்தியாவில் கொள்ளும் வடிவங்களுள் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று.

2000 நவம்பர் 15-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டதும், பலெர்மோ நகரின் பெயரால் வழங்குவதுமான ஒப்பந்தம், ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லுதல், ஒளித்துவைத்தல் முதலிய செய்கையும், பலாத்காரம், வஞ்சகம், எளியவரின் கதியற்ற நிலையை அனுகூலமாக்கிக்கொள்ளுதல் முதலிய உபாயமும், சுரண்டல் என்னும் நோக்கமும் ஒன்றுகூடுமிடத்தில் ஆள் கடத்தல் நிகழ்கிறது என்று வரையறுக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் உபாயத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தேச எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அடுத்த தாலுகாவுக்கு அழைத்துச் சென்றாலும் குற்றம் குற்றமே.

முன்பணம் மனிதரை எவ்வாறு கைமாறும் சரக்காக்குகிறது என்பதற்குப் பழைய இலங்கைத் தோட்டங்களின் சரித்திரமே போதிய சான்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டிய கங்காணி, வழிச்செலவையும் ஊர்க்கடனையும் முன்பணமாகக் கொடுத்து, அத்தனையையும் தொழிலாளியின் பேரில் பற்றெழுதிக்கொண்டே கடல் கடத்தினான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் தீர்ந்தால் இவர்களை விடுவிக்கலாம் என்று பழைய தோட்டத்தின் மேலாளரான துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்பார். கடனோ அழியாமல் தொழிலாளியின் தலையிலேயே புதிய கணக்காக ஏறிவிடும். இந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போயிற்று, முன்பணம் போகவில்லை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா ஜில்லாக்களில், நுவாகாய் என்னும் புத்தரிசிப் பண்டிகை முடிந்ததும் 'சர்தார்' எனப்படும் தரகர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருவார்கள். புருஷன், மனைவி, குழந்தை ஆகிய மூவரையும் ஒரே உழைப்பு அலகாகக் கணக்கிட்டுப் பேரம் முடிப்பதும் அங்கே வழக்கம். அவ்வாறு திரட்டப்பட்டவர்கள் ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாட்டின் திருவள்ளூர் முதலிய இடங்களின் செங்கல் சூளைகளுக்கு வந்து சேர்கிறார்கள். விடியுமுன் எழுந்து மண் குழைப்பார்கள், பச்சைக்கல் அறுப்பார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது கூலி. மழையில் கரைந்த கல் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. வாரந்தோறும் அரிசிக்கும் மருந்துக்கும் கொடுக்கும் செலவுப் பணம் மட்டும் தவறாமல் பற்றில் ஏறிக்கொண்டிருக்கும். கணக்கு நோட்டு முதலாளியின் வசத்தில் இருப்பதாலும், பருவம் முடிந்த பிறகே கணக்குத் தீர்க்கப்படுவதாலும், தான் இன்னும் எத்தனை கல் அறுத்தால் ஊர் திரும்பலாம் என்பதைத் தொழிலாளி அறியும் மார்க்கமே இல்லை. வேலியும் காவலும் இரண்டாம்பட்சம்; இந்த அறியாமையே உறுதியான பூட்டு என்பது என் அபிப்பிராயம்.

உள்ளூர் ஜனங்களும் இதற்கு விலக்கல்லர். செங்குன்றத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் வட ஜில்லாக்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்களே மிகுதி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் 42 பேர் ஒருசேர விடுவிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் வருவாய்த்துறை அதிகாரியின் காலில் விழுந்த புகைப்படம் தேசமெங்கும் பிரசுரமாயிற்று.

சட்டத்துக்குக் குறைவில்லை. அரசியல் சாசனத்தின் 23-ஆம் ஷரத்து மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் தடுக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், பண்ணையாள், வெட்டி முதலிய வழக்கங்களைப் பேர் சொல்லி விலக்கியதோடு, கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ஒரே வீச்சில் ரத்து செய்தது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பாரத்தையும் கடன் கொடுத்தவன் மேலேயே சுமத்திற்று. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. பசியின் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்ற அத்தீர்ப்பின் தத்துவம் வெகு ஆழமானது. 2013-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு, பணம் கொடுத்து ஆசை காட்டுதலையும் கடத்தலின் உபாயங்களுள் சேர்த்தது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதத்தையும் செல்லாததாக்கிற்று. இன்று பாரதிய நியாய சம்ஹிதையின் 143-ஆம் பிரிவு அதன் ஸ்தானத்தில் இருக்கிறது.

ஆயினும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமுமே. கடத்தல் பிரிவையும் சேர்த்து வழக்குப் பதிந்தால்தான், தொழிலாளியை அழைத்துவந்த தரகனும் கடுந்தண்டனைக்கு உள்ளாவான். மீட்கப்பட்டவருக்கு அதிகாரி வழங்கும் விடுதலைச் சான்றிதழே எல்லா உதவிக்கும் ஆதாரம். 2016-ஆம் ஆண்டின் மத்திய திட்டப்படி உடனடி உதவி தனியே கிடைத்தாலும், பெருந்தொகையின் இறுதிப் பட்டுவாடா வழக்கின் போக்கைச் சார்ந்தது. வழக்கு முடியுமுன் அடுத்த பருவம் வந்துவிடுவதால், விடுதலை பெற்றவர்களுள் சிலர் பழைய தரகனிடமே கைநீட்ட நேர்கிறது. இதற்குப் பரிகாரமாகச் செய்யப்பட்ட முயற்சிகளுள் திருவள்ளூர் ஜில்லா மெய்யூரில் அமைந்த 'சிறகு' செங்கல் சூளை கவனிக்கத்தக்கது. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் ஜில்லா நிர்வாகத்தின் துணையோடு தாங்களே கல் அறுத்து விற்பதால், கணக்கு நோட்டும் அங்கே அவர்கள் கையிலேயே இருக்கிறது.